சிவப்பு விரிப்புக்குள் ஒன்பது நோட்டுகள்

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பெஞ்சு கிடையாது, ஜமுக்காளம்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். மொத்தமே முப்பத்துநான்கு குடும்பங்கள் என்பதால், கிடக்கிற செருப்புகளைப் பார்த்தே யார் வரவில்லை என்று என் மாமியார் சொல்லிவிடுவார். "டெய்லர் வீட்டில் ஒருவரும் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும். முடிந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு வா." 1996இல் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பையா எண்ணுவார்கள் என்று கணவரிடம் முணுமுணுத்தேன்.

நான் மதுரை டவுனில் பெரிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். மதுரைப் பக்கம் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் என்றால் பெரும்பாலும் அந்தத் திருச்சபைதான். 1834இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழிவந்த லுத்தரன்கள் அந்த இணைப்பில் சேரவில்லை. அவர்களுடைய கதை, 1706இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கரையிறங்கியதிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனும் சுவீடன் மிஷனும் வளர்த்த சபைகள் 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயின. மதுரைக்கு மேற்கே தேனி ரோட்டில், நாகமலையைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் எங்கள் சபை அதில் ஒரு கடுகு.

புகுந்த இடத்தில் எல்லாமே கொஞ்சம் இடம் மாறிக் கிடந்தது. பாட்டுப் புத்தகம் பாமாலைக்குப் பதில் ஞானப்பாட்டு. பத்துக் கட்டளைகளுக்குக்கூட எண் வேறு. பொய்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது எனக்கு ஒன்பதாம் கட்டளை, இவர்களுக்கு எட்டாவது. பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்பில் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க என்னை நிறுத்தினார்கள். முதல் வாரமே ஒரு பையன் எழுந்து நின்று என்னைத் திருத்தினான். 1529இல் வந்த அந்தச் சின்னப் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று ஒரு கேள்வி வரும். எட்டாம் கட்டளைக்கான பதில், பொய் சொல்லாதே என்பதோடு நிற்காது. பிறனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்த எதற்கும் இருப்பதிலேயே நல்ல அர்த்தத்தைக் கொடு என்று போகும். பிள்ளைகளை அதை மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பழகிப்போன வேலையாகிவிட்டது.

எங்கள் ஐயருக்கு, அதாவது போதகருக்கு, ஐந்து சபைகள். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் எங்களிடம் வருவார், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தும் அன்றைக்குத்தான். மற்ற ஞாயிறுகளில் மூப்பர் ஒருவர் ஆராதனை நடத்தி, எழுதிவைத்த பிரசங்கத்தை வாசிப்பார். பாதி வாசிப்பில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க நிறுத்துவதும், சின்னப் பிள்ளைகள் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுவதும் வழக்கம். மணி அடிப்பது, தண்ணீர்க் குடம் நிரப்புவது, ஜமுக்காளம் மடிப்பது எல்லாம் சபையார் கைவேலை. அரசரடி இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு வந்த இளம் ஐயர் ஒருவர் வேதபாடத்தில் ஒருமுறை சொன்னார். 1536 கடைசியில் லுத்தர் எழுதிய ஸ்மால்கால்டு பிரிவுகள் என்ற விசுவாச அறிக்கையில், சுவிசேஷம் நம்மை வந்தடையும் வழிகளை வரிசைப்படுத்துகிறார்: பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு கூறும் அதிகாரம். கடைசியாக ஒன்று, சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதும் ஆறுதல் சொல்லிக்கொள்வதும். சபைச் செயலாளரான பெரிய மாமா கேட்டார், "அப்படியானால் நாம் வாசலில் நின்று பேசுவதையும் லுத்தர் கணக்கில் எடுத்திருக்கிறாரா ஐயா?" "புரணியை எடுக்கவில்லை," என்றார் ஐயர்.

சபைப் பொருளாளர் வேலை என்னிடம் வந்தது 2014இல். காரணம் எளிது: வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பீட விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து வைக்கும் வேலை அதற்கு முன்பிருந்தே என்னுடையது. வெள்ளை, பச்சை, ஊதா, சிவப்பு, கறுப்பு என்று ஐந்து விரிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு மஞ்சப்பையில், என் வீட்டு பீரோவில். சிவப்பு வருடத்தில் இரண்டே முறைதான் வெளியே வரும். பெந்தெகொஸ்தே ஒன்று, லுத்தர் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தத்தை நினைத்து அக்டோபர் கடைசியில் வரும் சீர்திருத்தத் திருநாள் ஒன்று.

2016 அக்டோபர் 30, ஞாயிறு. ஐயருக்கு வேறு தேதி இல்லாததால் சீர்திருத்த ஞாயிறையும் அறுப்பின் பண்டிகையையும் ஒரே நாளில் வைத்தோம். மதியம் காணிக்கைப் பொருள்களின் ஏலம். பூசணி, முருங்கைக்காய், வாழைத்தார், ஒரு பந்து மல்லிகை, இரண்டு சேவல். எங்கள் ஏலத்தில் ஒரு கோழிமுட்டைக்குக் கிடைக்கும் மரியாதை வேறெங்கும் கிடைக்காது. எடுத்தவர் அதை மறுபடி காணிக்கையாகக் கொடுத்துவிடுவார். அது திரும்பவும் ஏலத்துக்கு வரும். அன்றைக்கு ஒரே முட்டை ஏழு கை மாறியது. மாலையில் எண்ணிக் கட்டியபோது 38,650 ரூபாய். கட்டி முடித்த பிறகு டெய்லர் வீட்டுத் தம்பி ஓடிவந்து, போன வருடப் பாக்கியும் சேர்த்து 4,500 ரூபாய் கொடுத்தான். ஒன்பது ஐநூறு ரூபாய் நோட்டுகள். ரசீது எழுதிக் கொடுத்தேன். கட்டை மறுபடி அவிழ்க்கச் சோம்பல். மடித்துக்கொண்டிருந்த சிவப்பு விரிப்புக்குள் நோட்டுகளைச் செருகிக்கொண்டேன், வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று.

வீட்டுக்குப் போனதும் மாமியாருக்கு நெஞ்சுவலி.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். சபை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தப் பதினோரு நாளைத்தான் நான் சொல்வேன். இரண்டாம் நாள் காலையில் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் ஒரு காகிதத்தோடு வந்தார். அதில் இரவு யார், பகல் யார், சாப்பாடு எந்த வீட்டிலிருந்து என்று எழுதியிருந்தது. "என்ன வேண்டும் என்று உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வாய்." அதிலிருந்து நானும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. நோயாளியைப் பார்க்கப் போவது பற்றி அந்த நாட்களில் கற்றுக்கொண்டது நிறைய. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவதைவிட, கூட இருப்பவர் குளித்துவிட்டு வர இரண்டு மணி நேரம் உட்கார்வது மேல். பத்து நிமிடத்துக்கு மேல் கட்டிலருகே நிற்கக் கூடாது. வார்டில் ஜெபம் செய்தால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் செய்ய வேண்டும். தன் ஜெபம் ஆண்டவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்று நினைக்காதவர்கள் எங்கள் சபையிலும் இரண்டு பேர் உண்டு. இதே வியாதியில் இறந்துபோன உறவினரின் கதையைச் சொல்லவே கூடாது. எனக்கு மூன்று பேர் சொன்னார்கள்.

நவம்பர் 8 இரவு, ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டிவியில் அறிவிப்பு வந்தது. மறுநாள் எங்களுக்கு டிஸ்சார்ஜ். பில் கட்டக் கையில் இருந்ததெல்லாம் ஐநூறுதான்; வாங்க மறுத்துவிட்டார்கள். மாதர் சங்கத்து டப்பா, ஓய்வுநாள் பள்ளி உண்டியல், பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணனின் கல்லாப்பெட்டி எல்லாவற்றிலிருந்தும் நூறும் ஐம்பதுமாகப் பொறுக்கி, ஒரு துண்டில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமியார் வீடு வந்து சேர்ந்தார். அந்தக் கடனை ஒரு மாதத்துக்குள் திருப்பிவிட்டேன். ஏலப் பணத்தையும் நான்கு மணி நேரம் வரிசையில் நின்று பேங்கில் கட்டினேன். கட்டியது 38,650. அந்த ஒன்பது நோட்டு என் நினைவிலேயே இல்லை.

2017 ஜனவரி இரண்டாம் ஞாயிறு, வருடக் கணக்கு வாசிப்பு. ரசீதுப் புத்தகம் 43,150 என்றது. பாஸ்புக் 38,650 என்றது. நான் எழுந்து நின்று, எங்கே போனது என்று தெரியவில்லை, என் கையிலிருந்து கட்டிவிடுகிறேன் என்றேன். பெரிய மாமா எழுந்தார். "கட்ட வேண்டாம். முதலில் கண்டுபிடி." அவ்வளவுதான் சொன்னார். நான் கட்டிவிட்டால் எடுத்தது உண்மை என்று ஊர் பேசும், அதற்காகத்தான் சொன்னேன் என்று பிற்பாடு விளக்கினார். அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு.

மறுநாளிலிருந்து பேச்சு கிளம்பியது. ஆஸ்பத்திரிச் செலவு எப்படிச் சமாளித்தார்களாம்? சங்கத்து டப்பாவும் அவள் கைக்குத்தானே போனது? பேசியவர்கள் யார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமியார் கட்டிலருகே இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர்கள். துண்டில் சில்லறை முடிந்து கொண்டுவந்தவர்கள். ஒரே வாய்தான் அங்கே ஆறுதல் சொன்னது, இங்கே கேள்வி கேட்டது. இப்போது யோசித்தால் அதில் வியப்பில்லை. வாசலில் என் செருப்பைத் தேடுகிற கண், என் கணக்கையும் பார்க்கத்தானே செய்யும்? அப்போது அப்படி நிதானமாக யோசிக்க முடியவில்லை. எட்டாம் கட்டளையை இவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, வீட்டில் ஒருவர் காதிலாவது விழவில்லையா என்று அழுதேன்.

ஏழு ஞாயிறு போகவில்லை. டவுனில் நான் வளர்ந்த பெரிய சபைக்கு பஸ் ஏறிப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். முதல் மூன்று வாரம் நிம்மதி. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஐந்தாவது வாரம் எனக்குக் கடுமையான இருமல். ஆராதனை முழுக்க இருமினேன். பக்கத்தில் இருந்த அம்மா கனிவாக ஒரு மிட்டாய் கொடுத்தார். என் பெயர் கேட்கவில்லை. அவர் மேல் குற்றமில்லை. ஆயிரம் பேர் உள்ள இடத்தில் அப்படித்தான் முடியும்.

அந்த ஏழு வாரமும் எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வந்த ஒரே ஆள் அப்பத்தா. யாருக்கும் நேரடி உறவில்லை, சபைக்கே அப்பத்தா. சனிக்கிழமைதோறும் பிடி அரிசி வாங்க வருவார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பது பெண்களின் காணிக்கை. அதை வீடு வீடாகச் சேர்த்து விற்றுத்தான் எங்கள் ஊரில் இரண்டு விதவைகளுக்கு மாதாமாதம் மருந்து வாங்குகிறோம். அப்பத்தா பையை நீட்டுவார், நான் போடுவேன், திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார். ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. முருங்கையில் கம்பளிப்பூச்சி, பேரனுக்கு வேலை கிடைக்கவில்லை, வெயில் இப்போதே இப்படி என்று பேசிவிட்டுப் போவார். போகும்போது, "வருகிறேன் தாயி, அடுத்த சனி." கோபத்தில் கோயிலை விட்டிருந்தேன், அரிசிப் பானையை விடவில்லை. இந்த ஒரு நூலை அப்பத்தா விடாமல் பிடித்திருந்தார் என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது.

பிப்ரவரி 28, செவ்வாய் சாயங்காலம், பெரிய மாமா வாசலில் வந்து நின்றார். மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம். அதற்கு வேண்டிய ஊதா விரிப்பு என் பீரோவில். மன்னிப்பு கேட்க வரவில்லை, சமாதானம் பேசவும் வரவில்லை. விரிப்பு வாங்க வந்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன். பையை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கசங்கியிருக்கிறதே. எனக்குத் தேய்க்கத் தெரியாது, மருமகளே," என்றார். அத்தை இறந்து அவர் தனியாக இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்காரச் சொல்லிவிட்டுத் தேய்த்தேன். நீளமான துணி, ஒரு முனையை அவர் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மாலை விரிப்பை நானே கொண்டுபோய்ப் பீடத்தில் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் நகர்ந்து ஜமுக்காளத்தில் இடம் விட்டாள்.

ஜூன் 3, பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனி. சிவப்பு விரிப்பை உதறினேன். ஒன்பது நோட்டுகள் தரையில் விழுந்தன.

பேங்கில் மாற்ற வேண்டிய கெடு முடிந்து ஐந்து மாதமாகியிருந்தது. பத்துக்கு மேல் பழைய நோட்டு வைத்திருந்தால் குற்றம் என்று அந்த வருடம் சட்டமும் வந்திருந்தது. ஒன்பது என்பதால் தப்பித்தேன். மறுநாள் ஆராதனை முடிவில் எழுந்து நின்று, நோட்டுகளைப் பீடத்தின் முன் மேசையில் விசிறி மாதிரி வைத்தேன். ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம் இல்லை. பிறகு டெய்லர் வீட்டுத் தம்பி, "அக்கா, ஒன்றில் நான் பால்காரர் போன் நம்பர் எழுதியிருந்தேன், அது இருக்கிறதா பாருங்கள்," என்றான். இருந்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பேசியவர்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்து மன்னிப்பு கேட்டார்கள். மற்றவர்கள் கேட்கவில்லை, அவர்களில் ஒருவர் மறுவாரம் ஒரு படி கம்பு கொண்டுவந்து கொடுத்தார். அதையும் நான் மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

அது சீர்திருத்தத்தின் 500ஆம் ஆண்டு. ஐயர் வேதபாடங்களை அதற்கேற்ப நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஜெர்மனியில் லைஸ்னிக் என்ற ஊரில் 1523இல் சபைக்காக ஒரு பொதுப்பெட்டி ஏற்படுத்தினார்கள். அந்த ஒழுங்குக்கு லுத்தரே முன்னுரை எழுதினார். பெட்டிக்கு நான்கு வெவ்வேறு பூட்டு. பிரபுக்களிடம் ஒரு சாவி, நகர மன்றத்திடம் ஒன்று, நகரத்து மக்களிடம் ஒன்று, சுற்றுப்புற விவசாயிகளிடம் ஒன்று. நால்வரும் கூடினால்தான் திறக்கும். இரண்டாவது, நாங்கள் பாடும் ஞானப்பாட்டுகளில் பலவற்றை ஜெர்மனிலிருந்து தமிழுக்குத் தந்த பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியஸ் ஐயரின் கதை. வேதத்தை அத்தனை அழகாக மொழிபெயர்த்தவருக்குப் பணம் பிடிபடவில்லை. நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வராமல், முதிய வயதில் கடனுக்காகச் சிறையிலிருந்தார். எனக்கு அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

நாங்கள் இரண்டு பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று வாங்கினோம். ஒரு சாவி என்னிடம், ஒன்று பெரிய மாமாவிடம். ஒரே வீட்டைச் சேராத மூன்று பேர் ஆராதனை முடிந்த கையோடு, எல்லோர் கண் முன்னாலும் எண்ண வேண்டும். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். எந்தப் பணமும் யார் வீட்டுக்கும் போகாது, திங்கட்கிழமை பேங்கில். கட்டு கட்டிய பிறகு வரும் பணத்தை அன்றைக்கு வாங்குவதில்லை. கொடுக்க ஓடிவருகிறவரிடம் அடுத்த ஞாயிறு என்று சொல்ல மனம் வலிமையாக இருக்க வேண்டும், ஆனால் சொல்லிவிடுகிறோம். கணக்கை வருடத்துக்கு ஒருமுறை வாசிப்பதை நிறுத்திவிட்டு மாதாமாதம் வாசல் பலகையில் ஒட்டுகிறோம். சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தமாகாதா என ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். பொருளாளரைக் காப்பாற்றுவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று பெரிய மாமா நீட்டி முழக்கிப் பதில் சொன்னார். ஒன்பது நோட்டும் அந்தப் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கின்றன.

பந்தி பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பண்டிகைச் சாப்பாட்டுக்கு நூற்றைம்பது பேர். இருபது கிலோ அரிசி, ஒரு பெரிய அண்டா சாம்பார், ஆட்டுக்கறிக் குழம்பு. நான் வந்த காலத்தில் சமைப்பது எப்போதும் ஒரே நான்கு வீடு, இலை எடுப்பதும் எப்போதும் ஒரே நான்கு வீடு. ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்தே போனது. மாமியாரின் சிறுவயதில் திருவிருந்துக் கிண்ணத்துக்கு யார் முதலில் போவது என்பதற்குக்கூட வரிசை இருந்ததாம். கிண்ணத்து வரிசை எப்போதோ போய்விட்டது. அடுப்படி வரிசை 2018 வரை இருந்தது. மாதர் சங்கத்தில் சண்டையெல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் சீட்டுக் குலுக்கலாம் என்று முடிவானது. சமையலுக்கு ஆறு சீட்டு, பரிமாற ஆறு, இலை எடுக்க ஆறு. முதல் வருடம் ஒரு குடும்பம் தலைவலி என்று வரவில்லை. மறுவருடமும் தலைவலி. மூன்றாம் வருடம் வந்து இலை எடுத்தார்கள். பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறோம், அண்டாவுக்கும் அகப்பைக்கும் சீட்டுக் குலுக்கியபோதுதான் அது நகர்ந்தது. முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு வரும்போது பார்க்கலாம்.

அப்பத்தா போன வருடம் ஆடியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அரிசிப் பை இப்போது என்னிடம். மூன்று மாதமாகக் கோயிலுக்கு வராத ஒரு வீடு இருக்கிறது. பெரிய மாமாவுக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் சுற்றுச்சுவர் விஷயமாக ஏதோ வாய்த்தகராறு. சனிக்கிழமைதோறும் போகிறேன். முதல் வாரம் அந்தப் பெண் கதவைப் பாதிதான் திறந்தாள். இரண்டாம் வாரம் அரிசி போட்டாள். போன வாரம் திண்ணையைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். சுற்றுச்சுவர் என் கண்ணெதிரேதான் நின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, மல்லிகை கிலோ என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தோம். காபியில் சர்க்கரை கொஞ்சம் அதிகம். குடித்துவிட்டு, அடுத்த சனி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.